பதின்மூன்றாவது பாடல்

1970 அக்டோபர் 23, 24 ஆகிய இரு இரவுகள் நியூயார்க்கின் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கில் டெரெக் அண்ட் த டாமினோஸ் என்ற ராக் குழு கச்சேரி செய்தது. அந்தப் பதிவு 1973-ல் இரட்டை இசைத்தட்டாக வந்தது; 1994-ல் மேலும் சில பாடல்கள் சேர்ந்து குறுந்தகடாக வந்தது. இரண்டின் பின்னட்டையையும் திருப்பிப் பார்ப்பவர்கள் முதலில் தேடுவது ஒரு பெயரைத்தான். 'லைலா' இரண்டிலும் இல்லை. அடுத்த மாதம் நாஷ்வில்லில் ஜானி கேஷின் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காகப் பதிவு செய்தபோதும், தங்கள் புதிய ஆல்பத்திலிருந்து அவர்கள் பாடியது 'இட்ஸ் டூ லேட்' என்ற பழைய சக் வில்லிஸ் பாட்டு. இன்று இந்தக் குழுவின் பெயரையே அந்த ஒரு பாடலை வைத்துத்தான் அடையாளம் சொல்கிறோம். அந்தப் பாடலோ அவர்கள் மேடையில் அபூர்வமாகவே வாசித்த ஒன்று.

'லைலா அண்ட் அதர் அசார்ட்டட் லவ் சாங்ஸ்' 1970 நவம்பரில் அமெரிக்காவிலும் டிசம்பரில் பிரிட்டனிலும் வெளியானது. இரண்டு தட்டு, நான்கு பக்கம், 14 பாடல், ஒன்றேகால் மணி நேரத்துக்குச் சற்று மேல். அதில் 'லைலா' 13-ஆவது. அதற்கு முன்னால் உள்ள 12 பாடல்களையும், பின்னால் உள்ள ஒன்றையும் முழுதாகக் கேட்டவர்கள், 'லைலா' தெரிந்தவர்களில் எத்தனை பேர் இருப்பார்கள் என்பது சந்தேகம்தான். ஹிட் பாட்டு மற்ற பாட்டுகளை மறைப்பது எங்கும் நடப்பது. நம் திரையிசையில் படமே மறந்துபோய்ப் பாட்டு மட்டும் வானொலியில் மிஞ்சியதற்கு எத்தனையோ உதாரணம் உண்டு. இந்த ஆல்பத்தின் விஷயம் கொஞ்சம் வேறு. இங்கே ஹிட் பாட்டு மற்றவற்றை மறைத்ததோடு நிற்கவில்லை. ஆல்பம் யாருடையது என்பதையே மாற்றி எழுதிவிட்டது.

பாடலாசிரியர் பெயர்களை எண்ணிப் பார்த்தால் இது புரியும். 14-ல் ஐந்து பிறருடைய பழைய பாடல்கள். மிச்சம் ஒன்பது. அவற்றில் ஐந்தை எரிக் கிளாப்டனும் பாபி விட்லாக்கும் சேர்ந்து எழுதினார்கள்; ஒன்றை விட்லாக் தனியாக எழுதினார். ஆக ஒன்பதில் ஆறு பாடல்களில் விட்லாக்கின் பெயர் இருக்கிறது. இல்லாத மூன்றில் ஒன்று 'லைலா'. மெம்ஃபிஸிலிருந்து வந்த, அப்போது 22 வயதே ஆன ஓர் ஆர்கன் வாசிப்பாளர், இந்த இசைத்தட்டின் பாதிக்கு மேற்பட்ட புதுப் பாடல்களில் கூட்டாளி. புகழ் போய் நின்றது அவர் பெயர் இல்லாத பாட்டில்.

குழு உருவான விதத்தைச் சொல்லியாக வேண்டும். கிளாப்டன் அதற்குள் யார்ட்பேர்ட்ஸ், ஜான் மேயால், க்ரீம், பிளைண்ட் ஃபெயித் என்று அரை டஜன் வாழ்க்கை வாழ்ந்து சலித்தவர். நட்சத்திரமாக இருப்பதிலிருந்து தப்பிக்க அவர் போய் ஒளிந்த இடம் டெலனி அண்ட் பானி என்ற அமெரிக்கத் தெற்கத்திய ஜோடியின் குழு. அங்கே பின்வரிசையில் கிட்டார் வாசித்தார். அந்தக் குழுவிலிருந்துதான் விட்லாக், ஓக்லஹோமாவின் டல்ஸா நகரைச் சேர்ந்த பேஸ் கலைஞர் கார்ல் ரேடில், லாஸ் ஏஞ்சல்ஸ் ஸ்டுடியோக்களில் மிகவும் தேடப்பட்ட டிரம்மர் ஜிம் கார்டன் மூவரும் வந்தார்கள். விட்லாக் இங்கிலாந்துக்கு வந்து, சர்ரேயில் கிளாப்டனின் ஹர்ட்வுட் எட்ஜ் வீட்டில் தங்கினார். இருவரும் இரண்டு கிட்டார்களோடு உட்கார்ந்து பாடல் எழுதினார்கள்.

நால்வரும் ஒரு குழுவாகக் கெட்டிப்பட்டது ஜார்ஜ் ஹாரிசனின் 'ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்' ஆல்பத்துக்கு வாசித்தபோது. கதை தெரிந்தவர்களுக்கு இதன் விபரீதம் தெரியும்: கிளாப்டன் காதலித்தது ஹாரிசனின் மனைவி பேட்டி பாய்டை. ஒருவருடைய மனைவியை நினைத்து உருகும் பாடல்களைப் பாடப்போகிற குழு, அவருடைய பாடல்களுக்கு வாசித்துத்தான் கை பழகியது. அந்த அமர்வுகளிலேயே ஃபில் ஸ்பெக்டர் தயாரிப்பில் 'டெல் த ட்ரூத்' என்ற பாடலைத் தலைதெறிக்கும் வேகத்தில் பதிந்து, சிங்கிளாக வெளியிட்டு, பிடிக்காமல் திரும்பப் பெற்றார்கள். மயாமியிலோ அதே பாடலை வேகத்தைப் பாதியாகக் குறைத்தது போல், கனமாக, சோம்பல் முறித்தபடி வாசித்தார்கள். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், சில மாதத்திலேயே இந்த நால்வர் என்ன கற்றுக்கொண்டார்கள் என்பது காதில் விழும்: அவசரப்படாமல் இருக்க.

மயாமியின் கிரைட்டீரியா ஸ்டுடியோவில் ஆகஸ்ட் இறுதியில் பதிவு தொடங்கியது. மேற்பார்வை டாம் டவுட். இளம் வயதில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மன்ஹாட்டன் திட்டத்தில், அதாவது அணுகுண்டு ஆராய்ச்சியில், வேலை செய்தவர். பிறகு அட்லாண்டிக் நிறுவனத்தில் ரே சார்ல்ஸையும் கோல்ட்ரேனையும் பதிந்தவர். க்ரீம் காலத்திலிருந்தே கிளாப்டனை அறிவார். அப்போது சுவர் உயர மார்ஷல் ஸ்பீக்கர்களோடு வந்த கிளாப்டன், இந்த முறை கையில் தூக்கிக்கொண்டு நடக்கக்கூடிய ஃபெண்டர் சாம்ப் ஆம்ப்ளிஃபையரோடு வந்தார். ஆல்பத்தின் ஒலி இந்தச் சிறு பெட்டியில் இருக்கிறது. சத்தம் குறைவாக இருந்ததால் ஒருவர் வாசிப்பது மற்றவருக்குக் காதில் விழுந்தது. பாடுகிறவர் கத்த வேண்டியிருக்கவில்லை.

முதல் மூன்று பாடல்கள் முடிந்த நிலையில் டுவேன் ஆல்மன் வந்தார். கிளாப்டன் இவரைப் பெயர் தெரியாமலே அறிந்திருந்தார்: வில்சன் பிக்கெட் பாடிய 'ஹே ஜூட்' பதிவின் கடைசியில் கொதித்தெழும் கிட்டாரைக் கேட்டு, யார் இது என்று விசாரித்தவர் அவர். ஆகஸ்ட் 26 அன்று ஆல்மன் பிரதர்ஸ் மயாமியில் வாசித்தார்கள். டவுட்தான் அவர்களுக்கும் தயாரிப்பாளர். கிளாப்டன் குழுவை அழைத்துக்கொண்டு போனார். மேடைக்கு அடியில் தரையில் உட்கார வைத்தார்களாம். டுவேன் கண்ணை மூடி வாசித்துக்கொண்டிருந்தவர், நடுவில் கண் திறந்து கீழே இருப்பது யார் என்று பார்த்ததும் கை நின்றுவிட்டது. குழுவின் இன்னொரு கிட்டார்க்காரர் டிக்கி பெட்ஸ் சமாளித்து வாசிப்பைத் தொடர்ந்தார். டவுட் சொன்ன இந்தக் கதையில் கொஞ்சம் மசாலா இருக்கலாம். அன்றிரவு எல்லோரும் கிரைட்டீரியாவுக்குத் திரும்பி விடிய விடிய சேர்ந்து வாசித்தார்கள் என்பதில் சந்தேகமில்லை. டேப் இருக்கிறது. அடுத்த சில நாள்களில் 11 பாடல்களில் டுவேன் வாசித்தார். குழுவிலேயே சேர்ந்துவிடும்படி கிளாப்டன் கேட்டார். அவர் தம் சொந்தக் குழுவுக்குத் திரும்பிப் போனார்.

இந்த ஆல்பத்தை ஒருவருக்கு அறிமுகப்படுத்த ஒரே ஒரு பாடலைப் போட்டுக்காட்டச் சொன்னால், நான் போடுவது 'கீ டு த ஹைவே'. பக்கத்து அறையில் சாம் சமூடியோ என்ற பாடகர் இந்தப் பழைய புளூஸ் பாட்டைப் பதிந்துகொண்டிருந்தார். அது காதில் விழுந்ததும் இவர்களும் சும்மா வாசிக்க ஆரம்பித்தார்கள். பதிவாளர்கள் டேப்பை ஓட விட்டிருக்கவில்லை. டவுட் அலறியடித்து ஓட விட்டபோது பாடல் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. அதனால்தான் தட்டில் அது ஒன்றுமில்லாத இடத்திலிருந்து மெல்ல மெல்லச் சத்தம் கூடிக்கொண்டே நுழைகிறது. நாம் ஒரு கதவைத் திறந்து நுழைய, உள்ளே கச்சேரி ஏற்கெனவே களைகட்டியிருப்பது போல. ஒன்பதரை நிமிடத்துக்கு மேல். ஒத்திகை இல்லை, திட்டம் இல்லை. கிளாப்டன் விரலால் ஒரு வாக்கியம் சொல்கிறார். டுவேன் அதை முடிக்கவிட்டு, அதன் கடைசிச் சுரத்தைப் பிடித்துக்கொண்டு, விரலில் மாட்டிய கண்ணாடிக் குப்பியால் தந்தியை வழுக்கிப் பதில் சொல்கிறார். சளி மருந்து வரும் கோரிசிடின் குப்பி அது. ஒருவரை ஒருவர் மிஞ்சப் பார்க்கும் இடம் ஒன்றுகூட இல்லை. பெரிய கிட்டார்க்காரர்கள் இருவரை ஒரே அறையில் விட்டால் என்ன ஆகும் என்று தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு அபூர்வம் என்பதும் தெரியும்.

கிட்டார்களின் உரையாடலைப் பற்றி எழுதாதவர் இல்லை. குரல்களின் உரையாடலைப் பற்றித்தான் எழுதியவர்கள் குறைவு. சாம் அண்ட் டேவ் என்ற சோல் இரட்டையர் பாடும் முறையை விட்லாக்கும் கிளாப்டனும் எடுத்துக்கொண்டார்கள்: ஒருவர் ஒரு வரி, மற்றவர் அடுத்த வரி, பிறகு இருவரும் சேர்ந்து. 'எனிடே' பாடலில் இதைக் கூர்ந்து கேளுங்கள். கிளாப்டனின் குரல் கொஞ்சம் தயங்கும், உள்ளே இழுத்துக்கொள்ளும் குரல். விட்லாக்கினுடையது தேவாலயத்தில் வளர்ந்த குரல். போதகர் மகன் அவர். கிளாப்டன் தயங்கி நிறுத்தும் இடத்தில் அவர் முழு நெஞ்சோடு வந்து இறங்குகிறார். ஒரே காதலின் துயரத்தை இரண்டு பேர் பாடுவதால் அது தனிமனிதப் புலம்பலாக இல்லாமல் ஒரு வழிபாட்டுக் கூட்டத்தின் முறையீடாக ஒலிக்கிறது. தமக்கென்று ஒரு குரல் தம்மிடம் இருப்பதைக் கிளாப்டன் கண்டுகொண்டதே இந்த ஆல்பத்தில்தான் என்பது என் எண்ணம். பக்கத்தில் பாடத் துணை இருந்ததால் கண்டுகொண்டார்.

'கீப் ஆன் க்ரோயிங்' முதலில் சொற்களில்லாத வாத்திய இசை. கிளாப்டன் தம்முடைய கிட்டாரின் மேல் தம்முடைய கிட்டாரையே அடுக்கடுக்காக ஏற்றிப் பதிந்தது. அதைத் தூக்கிப்போட இருந்தார்கள். விட்லாக் ஸ்டுடியோவின் முன்கூடத்துக்குப் போய்க் கொஞ்ச நேரத்தில் வரிகளை எழுதிக்கொண்டு வந்தார்; இருவரும் பாடி முடித்தார்கள். 'வொய் டஸ் லவ் காட் டு பி ஸோ சேட்' இந்த ஆல்பத்தின் மிக வேகமான பாடல். ஜிம் கார்டனின் டிரம்ஸ் விரட்ட, இரண்டு கிட்டார்களும் மூச்சுவிடாமல் ஓடி, கடைசி ஒன்றிரண்டு நிமிடம் ஓட்டம் தளர்ந்து மெல்ல மெல்ல அமைதிக்கு இறங்கும். 'லைலா' எந்த வடிவத்துக்காகப் புகழப்படுகிறதோ, ஆவேசமான முதல் பாதி, அமைதியான பின்பாதி என்ற அந்த வடிவம் ஏற்கெனவே மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது. டேப்பை வெட்டி ஒட்டாமலே.

எல்லாம் உயர்ந்தவை என்று சொல்ல வரவில்லை. 'இட்ஸ் டூ லேட்' கேட்டதும் மறந்துபோகிற பாட்டு. தொலைக்காட்சிக்கு அதை ஏன் தேர்ந்தார்கள் என்று புரியவில்லை. 'ஐ லுக்ட் அவே' நல்ல வாசற்படி, அவ்வளவே. ஹெண்ட்ரிக்ஸின் 'லிட்டில் விங்' பற்றி ரசிகர்களிடையே இன்றும் சண்டை உண்டு. மூலத்தில் இரண்டரை நிமிடத்தில் கிசுகிசுப்பாக முடிகிற பாடலை இவர்கள் கோபுரம் போல் எழுப்பினார்கள். பதிந்தது செப்டம்பர் 9. ஹெண்ட்ரிக்ஸ் இறந்தது செப்டம்பர் 18. அஞ்சலியாகக் கேட்கப்படும் இந்தப் பதிவு, அவர் உயிரோடிருந்தபோது வைத்த வணக்கம்.

இனி 'லைலா'. இது இந்த ஆல்பத்திலேயே தன் கூட்டத்தோடு ஒட்டாத பாடல். மற்றவை பெரும்பாலும் அறையில் எல்லோரும் சேர்ந்து வாசித்தவை, இது கட்டப்பட்டது. 2003-ல் வந்த 'டாம் டவுட் அண்ட் த லேங்குவேஜ் ஆஃப் மியூசிக்' ஆவணப்படத்தில் முதிய டவுட் மிக்ஸிங் பலகையின் முன் உட்கார்ந்து, 'லைலா'வின் தடங்களை ஒவ்வொன்றாக ஏற்றிக்காட்டுகிறார். ஒரு பொத்தானை நகர்த்தினால் கிளாப்டனின் தாள கிட்டார். இன்னொன்றில் அதே மெட்டு வேறு சுருதியில். இன்னொன்றில் டுவேனின் ஸ்லைடு. கிட்டாரின் கழுத்தில் விரல் வைக்கும் இடம் முடிந்தபிறகும் டுவேன் மேலே போய், வாத்தியத்தில் இல்லாத சுரங்களை எடுக்கிறார் என்று சொல்லிச் சிரிக்கிறார். பழைய டேப்பைக் கேட்டு ஒரு மனிதர் இவ்வளவு பரவசப்படுவதைப் பார்ப்பதற்காகவே அந்தப் படத்தைப் பார்க்கலாம். அந்த அடுக்குகள் எல்லாம் ஒன்றாக ஒலிக்கும்போது எது யாருடையது என்று பிரிக்க முடிவதில்லை. 'கீ டு த ஹைவே'யில் இருவரையும் தெளிவாகப் பிரித்துக் கேட்கிறோம். 'லைலா'வில் கேட்பது ஒரு சுவர்.

உலகமே அறிந்த அந்த ஏழு சுரத் தொடக்கம் டுவேன் கொடுத்தது என்பது குழுவினர் பலரும் சொன்னது. ஆல்பர்ட் கிங் பாடிய 'ஆஸ் த இயர்ஸ் கோ பாஸிங் பை' என்ற மெதுவான புளூஸின் முதல் அடியை எடுத்து வேகம் கூட்டினால் அது வரும். இதற்காகப் பாடலின் உரிமையில் டுவேனுக்குப் பெயர் கிடைக்கவில்லை. பெயர் கிடைத்தது கிளாப்டனுக்கும் கார்டனுக்கும். காரணம் பின்பாதியின் பியானோ. முதல் பாதி பதிந்து சில வாரம் கழித்து, ஓய்வு நேரத்தில் கார்டன் பியானோவில் வாசித்த மெட்டு கிளாப்டனுக்குப் பிடித்துப்போய், அதைத் தனியாகப் பதிந்து ஒட்டினார்கள். விட்லாக்குக்கு இந்த ஒட்டு கடைசிவரை பிடிக்கவில்லை. பாடகி ரீட்டா கூலிட்ஜ் அந்த மெட்டைத் தாமும் கார்டனும் சேர்ந்து 'டைம்' என்ற பாடலாக உருவாக்கியதாகச் சொல்கிறார். அப்போது இருவரும் காதலர்கள். அவருடைய அக்கா பிரிசில்லாவும் புக்கர் டி. ஜோன்ஸும் 1973-ல் வெளியிட்ட ஆல்பத்தில் 'டைம்' இருக்கிறது. எடுத்துக் கேட்டால் வாதம் செய்யத் தேவையில்லை. காதலைப் பற்றிய மிகப் புகழ்பெற்ற ராக் பாடல்களுள் ஒன்றின் பாதி, தன்னைச் செய்த பெண்ணின் பெயர் இல்லாமல் அரை நூற்றாண்டாக ஒலிக்கிறது.

வெளியானபோது ஆல்பம் யார் கவனத்தையும் பெரிதாகக் கவரவில்லை. அட்டையில் குழுவின் பெயர் இல்லை, படம் இல்லை. ஃபிராண்ட்சென் என்ற ஓவியர் வரைந்த, பூங்கொத்தோடு ஒரு பெண்ணின் முகம் மட்டும். டெரெக் யார் என்று யாருக்கும் தெரியவில்லை. பதறிய நிறுவனம் 'டெரெக்தான் எரிக்' என்று பேட்ஜ் அச்சடித்துக் கொடுத்தது. ஒரு குழுவில் ஒருவனாக இருக்க விரும்பிய மனிதரை முதன்முதலில் காட்டிக்கொடுத்தது அந்த பேட்ஜ். அமெரிக்காவில் ஆல்பம் 16-ஆம் இடம்வரை போனது. பிரிட்டனில் பட்டியலிலேயே ஏறவில்லை. 1971-ல் 'லைலா'வைப் பியானோ பகுதியை வெட்டி 2 நிமிடம் 43 நொடியாக்கி சிங்கிளாக விட்டார்கள். அமெரிக்காவில் 51-ஆம் இடத்தோடு நின்றது.

பாடல் பிழைத்தது 1972-ல். அந்த ஆண்டு 'ஹிஸ்டரி ஆஃப் எரிக் கிளாப்டன்' என்ற தொகுப்பு வந்தது. அதில் 'லைலா' முழு நீளத்தில் இருந்தது. முழுப் பாடலையும் மறுபடி சிங்கிளாக வெளியிட்டார்கள். இப்போது அமெரிக்காவில் 10, பிரிட்டனில் 7. வெற்றி வந்த வழியைக் கவனிக்க வேண்டும்: ஐந்து பேர் செய்த இசைத்தட்டிலிருந்து ஒரு பாடலைப் பிரித்தெடுத்து, ஒரு மனிதரின் வரலாறு என்று பெயரிட்ட தொகுப்பில் வைத்தபிறகுதான் அது வானொலிக்குப் போனது. அதற்குள் குழு இல்லை. 1971 வசந்தத்தில் லண்டனில் இரண்டாவது ஆல்பத்துக்கு முயன்று, போதையிலும் பூசலிலும் உடைந்துவிட்டது. அந்த அக்டோபரில் டுவேன் ஜார்ஜியாவின் மேக்கன் நகரில் மோட்டார்சைக்கிள் விபத்தில் இறந்தார், வயது 24. கிளாப்டன் ஹெராயினோடு ஹர்ட்வுட் எட்ஜில் கதவடைத்துக் கிடந்தார். தம்முடைய பங்கு என்ன என்று சொல்ல யாருமில்லாத நேரத்தில் பாடல் புகழ்பெற்றது.

பிறகு ஒவ்வொரு பத்தாண்டிலும் பாடல் ஆல்பத்தைவிட்டு இன்னும் ஓரடி விலகிப்போனது. ஸ்கோர்செஸி 1990-ல் 'குட்ஃபெல்லாஸ்' படத்தில் பியானோ பகுதியை மட்டும் எடுத்துப் பிணங்களின் மேல் ஓட விட்டார்: இளஞ்சிவப்பு காடிலாக்கில் ஒரு ஜோடி, குப்பை லாரியில் ஒருவன், இறைச்சி வண்டியில் விறைத்துத் தொங்கும் இன்னொருவன். பியானோவுக்குக் கிடைத்த மிகச் சிறந்த பயன்பாடு அது என்றே நினைக்கிறேன். 1992-ல் 'அன்பிளக்டு' நிகழ்ச்சியில் கிளாப்டன் நாற்காலியில் உட்கார்ந்து அதே பாடலைச் சாவகாசமாகப் பாடினார். டுவேன் கொடுத்த தொடக்கம் இல்லை, கார்டனின் பியானோ இல்லை. அந்தப் பாடலுக்கு 1993-ல் சிறந்த ராக் பாடலுக்கான கிராமி கிடைத்தது; விருது கிளாப்டன், கார்டன் இருவர் பெயரிலும். கார்டன் அப்போது கலிஃபோர்னியச் சிறையில் இருந்தார். மனச்சிதைவு நோயின் பிடியில் 1983-ல் தாயைக் கொன்றதற்கான தண்டனை. தாம் எழுதிய பகுதி இல்லாத பாடலுக்குத் தம் பெயரில் விருது. அவர் 2023-ல் காவலிலேயே இறந்தார். ரேடில் 1980-லேயே போய்விட்டிருந்தார், 37 வயதில்.

பாடலோடு சேர்ந்து வந்த கதையும் ஆல்பத்தை விழுங்கியது. தென் கென்சிங்டனில் ஒரு வீட்டுக்கு வரச்சொல்லி, டேப்பை இரண்டு மூன்று முறை போட்டுக்காட்டிவிட்டுக் கிளாப்டன் தம் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததைப் பேட்டி பாய்ட் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். இது யாரைப் பற்றியது என்று ஊருக்கே தெரிந்துவிடுமே என்பதுதான் அவருக்கு முதலில் எழுந்த அச்சம். தெரியத்தான் செய்தது. 1979-ல் இருவருக்கும் திருமணம், பத்தாண்டில் விவாகரத்து. 2024-ல் கிறிஸ்டீஸ் ஏலத்தில், பாய்டிடம் இருந்த அந்த அட்டை ஓவியத்தின் மூலம் ஏறக்குறைய 20 லட்சம் பவுண்டுக்குப் போனது. ஏல நிறுவனம் எதிர்பார்த்தது அதில் மிகச் சிறு பங்கு. மற்ற எல்லாப் பாடல்களும் இந்தக் கதையின் பின்னணி இசையாகிவிட்டன. விட்லாக்கின் 'தார்ன் ட்ரீ இன் த கார்டன்' பாடலைக்கூடப் பலர் ஒரு பெண்ணை நினைத்து எழுதியது என்றுதான் கொள்கிறார்கள். அது அவருடைய வளர்ப்பு நாயைக் கூட இருந்தவர் அப்புறப்படுத்திவிட்ட துக்கத்தில் எழுதியது. ஐந்து பேரும் ஒரே மைக்கைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்து பதிந்த அந்தப் பாடல்தான் ஆல்பத்தின் முடிவு. 'லைலா'வின் கடைசியில் டுவேனின் கிட்டார் பறவை போல் கீச்சிட்டு ஓய்ந்ததும் அது தொடங்கும். வானொலியில் அந்த இடத்தில் விளம்பரம் வரும்.

லைலா–மஜ்னு கதை நமக்கு அறிமுகம் தேவைப்படாதது. பானுமதியும் நாகேஸ்வர ராவும் நடித்த 1949-ஆம் ஆண்டுப் படத்திலிருந்தே தெரியும். கிளாப்டனுக்கு அதை நிஜாமியின் பாரசீகக் காவியத்தின் ஆங்கில உரைநடை வடிவில் கொடுத்தவர் இயன் டாலஸ் என்ற நண்பர். கஞ்சா என்ற நகரைச் சேர்ந்த நிஜாமி அதை 1188-ல் பாடினார். அந்தக் காவியத்திலிருந்து 'லைலா' எடுத்துக்கொண்டது பெண்ணின் பெயரையும், பைத்தியமாகிவிடுவேனோ என்ற பதற்றத்தையும் மட்டுமே. நிஜாமியின் வரிகள் இருப்பது இரண்டாம் பக்கத்தின் முதல் பாடலான 'ஐ ஆம் யுவர்ஸ்'-இல். பாடலாசிரியர் இடத்தில் கிளாப்டன், நிஜாமி என்றே போட்டிருக்கிறது. எட்டு நூற்றாண்டு இடைவெளியில் இருவர் சேர்ந்து எழுதிய காதல் பாடல். மெல்லிய தாளம், அடக்கிய ஸ்லைடு, மூன்றரை நிமிடம். காவியத்தின் மஜ்னு பாலைவனத்தில் விலங்குகளோடு இருந்து பாடுபவன். யாரையும் மண்டியிட்டு மிரட்டுபவனல்ல. அவன் இந்தப் பாடலில்தான் இருக்கிறான். இதை வானொலியில் போட்டு நான் கேட்டதேயில்லை.

ஆல்பத்தை ஆல்பமாகத் திருப்பி எடுத்துக் கொடுத்தது இந்தக் குழுவின் அடுத்த தலைமுறை என்றே சொல்லலாம். ஆல்மன் பிரதர்ஸின் டிரம்மர் புட்ச் டிரக்ஸின் தம்பி மகனுக்குப் பெற்றோர் வைத்த பெயர் டெரெக், இந்தக் குழுவை நினைத்து. வளர்ந்து ஸ்லைடு கிட்டாரில் டுவேனின் வாரிசாக அறியப்பட்டவர், கிளாப்டனோடு உலகப் பயணமும் போனார். அவர் மணந்த பாடகி சூசன் டெடெஸ்கி பிறந்தது 1970 நவம்பர் 9. அமெரிக்காவில் 'லைலா' ஆல்பம் வெளியான அதே நாள். டெடெஸ்கி டிரக்ஸ் பேண்ட் 2019 ஆகஸ்டில் வர்ஜீனியாவின் லாக்ன் விழாவில், கிட்டார் கலைஞர் டிரே அனஸ்டாசியோவைச் சேர்த்துக்கொண்டு, ஆல்பத்தின் பாடல்களை அதே வரிசையில் வாசித்தார்கள். 2021-ல் அது இசைத்தட்டாக வந்தது. இரண்டு குரல்களுக்காக எழுதிய பாடல்களை மறுபடி இரண்டு மூன்று குரல்கள் மாற்றி மாற்றிப் பாடுகின்றன. 'கீப் ஆன் க்ரோயிங்' அங்கே மூலத்தைவிட நன்றாக இருக்கிறது என்று சொன்னால் பழைய ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள், ஆனாலும் சொல்கிறேன். விட்லாக் இதையெல்லாம் பார்க்க இருந்தார். 2025 ஆகஸ்டில், 77 வயதில் காலமானார்.

கொரோனா முடக்கக் காலத்தில் டெடெஸ்கி டிரக்ஸ் குழுவின் பாடகர் மைக் மேட்டிசன், எல்லோரும் நிஜாமியின் மூலக் காவியத்தைப் படிக்கலாம் என்று யோசனை சொன்னார். படித்தார்கள். காவியத்தில் லைலாவுக்கும் மனம் உண்டு, சொல்ல நிறைய உண்டு என்று கண்டு, அவள் பக்கத்திலிருந்து எழுதத் தொடங்கினார்கள். 2022-ல் 'ஐ ஆம் த மூன்' நான்கு தட்டுகளாக, 24 பாடல்களோடு வந்தது. அதிலிருந்து ஊரறிந்த ஹிட் பாட்டு ஒன்றுகூடக் கிளம்பவில்லை. கேட்பவர்கள் வேறு வழியின்றி முதல் பாடலிலிருந்தே தொடங்குகிறார்கள்.